மணியும் மௌனமும்

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், வாசற்படி ஏறும்போதே சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டுதான் போகிறார்கள். "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறான்" என்பார் இன்னொருவர். தர்க்கத்துக்கு முன் நிற்காத வார்த்தைகள் இவை. நல்லவர்கள் சீக்கிரம் போவது உண்மையானால், எண்பது வயது வரை இருப்பவர்களை என்னவென்று நினைப்பது? ஆனால் அந்த நேரத்தில் அதை யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த வார்த்தையைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது, அது அவள் ஊன்றி எழுந்திருக்கும் கைத்தடி. அதே வார்த்தையை, பிரேக் பிடிக்காத பஸ்ஸைத் தெரிந்தே ரோட்டில் விட்ட முதலாளி மாலையோடு வந்து சொன்னால்? வார்த்தை அதுதான், பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே ஓர் ஆறுதலை எடை போடும்போது, அது உண்மையா என்று மட்டும் கேட்டால் போதாது. சொன்னவர் யார், எங்கே நின்று சொன்னார், யாரிடம் சொன்னார் என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு 'நாகசாகியின் மணிகள்' என்ற ஜப்பானியப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிய நாகாய் தகாஷி தொழில்முறை எழுத்தாளர் அல்ல. நாகசாகி மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறையில் இருந்த வைத்தியர். 1908-ல் பிறந்தவர். வாலிபத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைத் தவிர எதையும் நம்பாதவர். மாணவராக இருந்தபோது உராகாமி என்ற பகுதியில், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாக வாழ்ந்த ஒரு குடும்பத்தில் குடியிருந்தார். பாஸ்கலைப் படித்தார்; அந்த வீட்டார் ஜபிப்பதைப் பார்த்தார். 1934-ல் ஞானஸ்நானம் பெற்று, அந்த வீட்டுப் பெண் மிடோரியையே மணந்துகொண்டார். 1945 ஜூன் மாதம் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. வருஷக்கணக்கில் எக்ஸ்ரே கதிர்களோடு பழகியதற்கு விலை அது.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு 9-ந் தேதி காலை 11 மணி 2 நிமிஷத்துக்கு, அணுகுண்டு அதே உராகாமியின் தலைக்கு மேலே வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். உராகாமிக் கோயிலைச் சேர்ந்த சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் 8,500 பேர் வரையில் போய்விட்டார்கள். குண்டு வெடித்த இடத்துக்கும் மாதா கோயிலுக்கும் 500 மீட்டர்தான் தூரம். உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த பாதிரிமார்களும் அதற்காக வந்திருந்த ஜனங்களும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. நெற்றிப்பொட்டில் இரத்தக் குழாய் அறுந்த நிலையில் நாகாய் மற்றவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடிந்தபோது, சமையலறை இருந்த இடத்தில் மனைவியின் எலும்புகள் கிடந்தன. பக்கத்தில் உருகிப்போன ஜபமாலை. மலைப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டியிடம் இருந்ததால் மகனும் மகளும் பிழைத்தார்கள்.

புத்தகத்தின் முக்கால் பங்கு ஒரு வைத்தியரின் குறிப்புப் புத்தகம் போலவே இருக்கிறது. எத்தனை மணிக்கு எது நடந்தது, எந்தக் காயத்துக்கு என்ன கட்டு, எத்தனையாவது நாளில் என்ன நோய்க்குறி என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார். நடை எங்கேயும் அழுவதில்லை. சிதறிக் கிடக்கும் நர்ஸுகளுக்கும் மாணவர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டுமென்று வெள்ளைத் துணியில் தம் இரத்தத்தால் வட்டம் தீட்டிச் சூரியக் கொடியாக ஏற்றுகிறார். மறுநாள், விமானத்திலிருந்து விழுந்த துண்டுக் காகிதத்தைப் படித்து, இது அணுகுண்டு என்று தெரிந்துகொள்கிறார்கள். காயங்களோடு கிடக்கும் அந்த விஞ்ஞானிகள் அணுவைப் பிளந்த விதத்தைப் பற்றி விவாதம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்! தோற்றுப்போன தேசத்தின் பிரஜைகளாக நெஞ்சு எரிகிறது; விஞ்ஞானிகளாக வியக்கிறார்கள். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்திருந்தால், இயற்கையாக இல்லை என்று விமர்சகர்கள் அவனை விட்டிருக்க மாட்டார்கள். உண்மைக்கு அந்தப் பயம் இல்லை.

இந்தப் புத்தகத்தைப் பிரசித்தமாக்கியவை இந்தப் பக்கங்கள் அல்ல. 1945 நவம்பர் 23-ந் தேதி, இடிந்த மாதா கோயிலின் முன்னால் இறந்தவர்களுக்காகப் பூசை நடந்தது. மிஞ்சிய ஜனங்களின் சார்பில் நாகாய் ஓர் இரங்கலுரை படித்தார். அது புத்தகத்தில் சேர்ந்திருக்கிறது. விமானம் முதலில் வேறு ஊரைக் குறிவைத்து வந்தது; மேகம் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. விமானி உராகாமியைக் குறிவைக்கவில்லை. குண்டை இங்கே கொண்டுவந்தது தெய்வ சித்தமே. யுத்தம் என்ற மகா பாவத்துக்குப் பரிகாரமாக மாசற்ற ஒரு பலி வேண்டியிருந்தது. அதற்கு உராகாமி தேர்ந்தெடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்த ஆகஸ்டு 15 மாதாவின் திருநாள், இந்தக் கோயிலோ மாதாவுக்கு அர்ப்பணமானது. ஆகவே நன்றி செலுத்துவோம்! இதுதான் அந்த உரையின் சாரம்.

படிக்கிற எவருக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கும். நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் இதை ஒப்புக்கொள்ளக் கிறிஸ்தவராக இருந்தால்கூடச் சிரமப்பட வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். இதில் குண்டு போட்டவன் வருகிறான், குற்றவாளியாக வரவில்லை. யுத்தத்தைத் தொடங்கியவர்களும் தோல்வி நிச்சயமான பிறகும் அதை நீட்டியவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறார்கள். எல்லாரும் தெய்வத்தின் கைக்கருவி என்றால் எவரையும் கேள்வி கேட்க முடியாது. அமெரிக்கரின் ஆக்கிரமிப்புத் தணிக்கை அதிகாரிகள் கையில் இந்தப் புத்தகம் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1946-ல் எழுதி முடித்தது, 1949 ஜனவரியில்தான் வெளிவந்தது. அதுவும் மணிலாவில் ஜப்பானியப் படைகள் செய்த படுகொலையைப் பற்றிய ஒரு பகுதியைப் பின்னால் இணைத்த பிறகு! புத்தகம் லட்சக்கணக்கான ஜனங்களிடம் போயிற்று. 1950-ல் திரைப்படமாகவும் ஆயிற்று. 'ஹிரோஷிமா கோபப்படும், நாகசாகி ஜபிக்கும்' என்று ஒரு வழக்கு ஜப்பானில் உண்டானதற்கு நாகாயும் ஒரு காரணம். 1972-ல் யாமாதா கான் என்ற கவிஞர், அவரும் குண்டுக்குத் தப்பியவரே, நாகாயின் மேல் மிகக் கடுமையான குற்றச்சாட்டு எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. பஸ் முதலாளி சௌகரியமாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய வார்த்தையை நாகாய் சொல்லிவிட்டார் என்பதுதான் அதன் அடிப்படை.

இதோடு தீர்ப்பு எழுதிப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் ஒரு நாவலாசிரியனின் கண் அந்த உரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு ஒரு காட்சியில் போய் நிற்கிறது.

போர்முனையிலிருந்து திரும்பிய ஓர் உராகாமிக்காரன் நாகாயைத் தேடி வருகிறான். மனைவி, குழந்தைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அதைவிடவும் அவனை அரிப்பது வேறு ஒன்று. இது ஆகாயத்திலிருந்து வந்த தண்டனை, செத்தவர்கள் பாவிகள் என்று வழியெல்லாம் ஜனங்கள் பேசுகிறார்களாம். நாகசாகியின் பழைய நகரம் மலைக்கு அப்பால் இருந்ததால் ஓரளவு தப்பியது. உராகாமி அடியோடு அழிந்தது. ஊர்த் தெய்வமான சுவா கோயிலுக்கு வணங்காதவர்களுக்குக் கிடைத்த கூலி இது என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. பைபிளில் யோபுவின் நண்பர்களாவது ஏழு நாள் அவன் பக்கத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். இங்கே அந்த ஏழு நாள் மரியாதைகூட இல்லை. நாகாய் தாம் எழுதி வைத்திருக்கும் இரங்கலுரையை எடுத்து அவனிடம் கொடுக்கிறார். அவன் படிக்கிறான். தன் மனைவி மக்கள் நரகத்துக்குப் போகவில்லை என்று அவன் மனம் தெளிகிறது. அப்படியானால் மிஞ்சியிருக்கும் நாம்தான் பரலோகத்தின் பிரவேசப் பரீட்சையில் தேறாதவர்கள் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த உரை யாருக்கு எழுதப்பட்டது என்பது இங்கே விளங்கிவிடுகிறது. வாஷிங்டனுக்கும் எழுதப்படவில்லை, டோக்கியோவுக்கும் எழுதப்படவில்லை. ஊராரின் வாயில் பாவியாகிவிட்ட தன் மனைவியின் பெயரைத் துடைக்க வந்த ஒரு மனிதனுக்கு எழுதப்பட்டது. 'தண்டனை' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக 'பலி' என்ற சொல்லை நாகாய் வைத்தார். உலகத்துக்கு விளக்கமாக அது செல்லாது. உராகாமிக்குப் பதிலாக அன்று அது செல்லுபடியாயிற்று. சொன்னவர் சாம்பலில் நின்று, சாம்பலில் நின்றவர்களிடம் சொன்னார். பிறகு வெளியுலகம் அதைத் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டதுதான் அநியாயம்.

ஆனால் அந்த ஜனங்கள் எழுந்து நின்றது இந்த உரையின் பலத்தால்தானா? இதற்குப் பதில் சொல்ல இன்னொரு புத்தகத்தின் உதவி வேண்டும். 'நாகசாகியின் மணிக'ளை 1984-ல் ஆங்கிலத்தில் தந்தவர் வில்லியம் ஜான்ஸ்டன் என்ற சேசு சபைப் பாதிரியார். அவரே அதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன் ஷூசாக்கு எண்டோவின் 'மௌனம்' நாவலையும் மொழிபெயர்த்தவர். ஒரே கை வழியாக வந்த இந்த இரண்டு புத்தகங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் பேசுகின்றன.

'மௌனம்' வெளிவந்தது 1966-ல். பதினேழாம் நூற்றாண்டில், கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்ட ஜப்பானுக்குள் ஒளிந்து வரும் ரோட்ரிகஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரின் கதை அது. ஜனங்கள் கண்முன்னே வதைபட்டுச் சாகிறார்கள். கடவுள் வாய் திறக்கவில்லை. கடைசியில், குழியில் தலைகீழாகத் தொங்கும் ஏழைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் இயேசுவின் உருவம் பதித்த பலகையை அவர் மிதிக்க வேண்டும் என்கிறார்கள். மிதிக்கிறார். நாகாய் கடவுளின் சித்தத்தை விளக்கிவிடுகிறார். எண்டோ எதையும் விளக்குவதில்லை. கடவுள் காரணம் சொல்வதில்லை, கூடவே வலியைச் சுமக்கிறார் என்பதற்கு மேல் அவர் போகவில்லை. கலை என்ற அளவில் 'மௌனம்' எவ்வளவோ உயர்ந்தது. அதில் சந்தேகமில்லை.

ஆனாலும் எண்டோவின் நாவலில் இல்லாத ஒன்று நாகாயின் புத்தகத்தில் இருக்கிறது. ரோட்ரிகஸ் தன்னந்தனியாக மிதிக்கிறார். அந்தச் சுமையைச் சாகும் வரை தன்னந்தனியாகவே சுமக்கிறார். உராகாமி ஜனங்களின் சரித்திரம் அப்படிப்பட்டதல்ல. அவர்களும் மிதித்தார்கள். வருஷா வருஷம் ஊர்த் தலைவர் வீட்டுக்கு வரிசையாகப் போய்ப் பலகையை மிதித்துவிட்டு, வீடு திரும்பி, மனஸ்தாப ஜபம் சொன்னார்கள். எண்டோவுக்கு ஓர் இரவின் மகா துயரமாக இருப்பது, அவர்களுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஊரே பங்கிட்டுச் சுமந்த வருடாந்தரச் சுமை.

இந்த ஜனங்களின் விசுவாசம் தொடங்கிய இடம் நமக்கு அந்நியமல்ல. நம் முத்துக்குளித்துறைக் கிராமங்களில் தமிழில் ஜபங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு அலைந்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் போய் இறங்கியவர். 1614-ல் மதம் தடை செய்யப்பட்டு, பாதிரிமார்கள் துரத்தப்பட்டும் கொல்லப்பட்டும் போன பிறகு, உராகாமியில் மிஞ்சியது அந்த வாய்ப்பாடம்தான். ஜனங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். திருநாட்களைக் கணக்குப் பார்த்துச் சொல்ல ஒருவர். ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோக ஒருவர். கோயில் இல்லை, குரு இல்லை, புத்தகம் இல்லை. தலைமுறைகள் ஏழு இப்படியே கழிந்தன. மிடோரியின் முன்னோர்கள் இந்த ஏற்பாட்டுக்குத் தலைமை வகித்தவர்கள். 1865 மார்ச்சு 17-ந் தேதி, அந்நியர்களுக்காகக் கட்டிய ஓர் புதுக் கோயிலுக்குள் உராகாமியிலிருந்து சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திழானிடம், நாங்களும் உங்களைச் சேர்ந்தவர்களே என்று மெதுவாகச் சொன்னார்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு நாடு கடத்தல். 1867-ல் கைதுகள் தொடங்கின. ஏறத்தாழ 3,400 பேரைப் பிடித்து ஜப்பானின் பல மூலைகளுக்கு அனுப்பினார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவில்லை. மிஞ்சியவர்கள் 1873-ல் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சிறைவாசத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிரயாணம்'. வந்த மறுவருஷமே ஊரில் சீதபேதி பரவியது. நாடு கடத்தலிலிருந்து திரும்பியிருந்த இவானாகா மாக்கி என்ற இளம்பெண் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தாள். அநாதையான குழந்தைகளை எடுத்து வளர்த்தாள். பிறகு ஊரார், எந்தத் தலைவரின் வீட்டில் பலகையை மிதித்தார்களோ அந்த மனையையே விலைக்கு வாங்கினார்கள். 1895-ல் அங்கே மாதா கோயில் கட்டத் தொடங்கினார்கள், 1914-ல் அர்ப்பணித்தார்கள், இரட்டைக் கோபுரங்கள் முடிய 1925 ஆயிற்று. 1945-ல் இடிந்தது அந்தக் கோயில்.

இதைத் தெரிந்துகொண்டு நாகாயின் கடைசிப் பக்கங்களைப் படித்தால் அவை வேறு விதமாகத் தெரிகின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். இடிபாட்டைத் தோண்டி, கோபுரத்திலிருந்து விழுந்த மணியை ஆட்கள் வெளியே எடுக்கிறார்கள். உடையவில்லை. மரக்கட்டைகளைக் கட்டி அதில் தொங்கவிட்டு அடிக்கிறார்கள். வீடில்லாத ஒரு சமவெளி முழுவதும் அந்த ஓசை பரவுகிறது. நவம்பர் மாதத்து உரையில் 'ஏன்' என்ற கேள்விக்கு நாகாய் பதில் சொல்லப் பார்த்தார். இங்கே அந்தக் கேள்வியே இல்லை. மண்ணை அள்ள ஆள் வேண்டும், கயிறு வேண்டும், மணி அடிக்கும் நேரம் தெரிய வேண்டும்; அவ்வளவுதான். அப்பனும் பாட்டனும் அடிமேல் அடி விழுந்தபோது செய்ததையே இவர்களும் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உராகாமியின் பலம் இந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. உரை அந்தப் பழக்கத்துக்குக் கிடைத்த ஒரு மொழி. அதுவும் பிழையுள்ள மொழி.

நாகாயின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. படுக்கையில் விழுந்த அவருக்கு ஊரார் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். பிறரைத் தன்னைப்போல் நேசிக்கச் சொல்லும் வேத வசனத்திலிருந்து அதற்கு அவர் பெயர் வைத்தார். புத்தகங்களில் வந்த பணத்தில் ஆயிரம் செர்ரிக் கன்றுகளை ஊருக்குக் கொடுத்தார்; குழந்தைகளுக்கு ஒரு நூல்நிலையம் வைத்தார். அந்தக் குடிசையில் இரண்டு குழந்தைகளோடு இருந்து எழுதி, 1951 மே 1-ந் தேதி காலமானார்.

பிழையுள்ள மொழியைத் திருத்தியவர்களும் வெளியிலிருந்து வரவில்லை. அகிசுகி தாத்சுயிச்சிரோ என்ற வைத்தியர் நாகாயின் கீழ் வேலை கற்றவர். குண்டு விழுந்த அன்று உராகாமியிலேயே ஒரு மருத்துவமனையில் இருந்தவர். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல. 1953-ல் ஞானஸ்நானம் பெற்றார். தம் குருவின் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. 'மௌனம்' வந்த அதே 1966-ல் தம் அநுபவத்தை எழுதி வெளியிட்டார். பிறகு தப்பிப் பிழைத்தவர்களை வாய் திறந்து பேச வைத்து, அவர்களுடைய சாட்சியங்களைச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1981 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் ஹிரோஷிமாவில் பேசியபோது, யுத்தம் மனிதன் செய்யும் வேலை என்றார். தெய்வ சித்தம் என்று முப்பத்தைந்து வருஷம் வாயடைத்திருந்த உராகாமிக் கத்தோலிக்கர் பலருக்கு அந்தச் சொல் பேச அநுமதி கொடுத்தது போலாயிற்று. அவர்கள் விசுவாசத்தை விடவில்லை; விளக்கத்தை விட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

நாகாயை வணங்குகிறவர்கள் அவருடைய உரையை வேதமாக்குகிறார்கள். வெறுக்கிறவர்கள் அந்த உரையோடு புத்தகம் முழுவதையும் தள்ளிவிடுகிறார்கள். இருவருமே அந்தச் சில பக்கங்களுக்குத் தகுதிக்கு மேல் மரியாதை கொடுக்கிறார்கள். குறிப்பெடுக்கும் வைத்தியரையும், துணியில் கொடி தீட்டும் மனிதரையும், மணியைத் தோண்டும் ஊராரையும் படியுங்கள் என்று நான் சிபாரிசு செய்வேன். உரையையும் தாண்டிவிட வேண்டாம். ஆனால் அதைக் கேட்டு நின்றவர்களின் முகங்களை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

புத்தகத்தின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய மொழியில் மணி என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். ஆங்கிலத்துக்கு வந்தபோது பன்மையாயிற்று. நாமும் 'மணிகள்' என்றே சொல்லிவருகிறோம். ஆனால் 1945 கிறிஸ்துமஸ் இரவில் ஒலித்தது ஒரே மணி. இரண்டு கோபுரங்களின் இரண்டு மணிகளில் மற்றது உடைந்து போயிருந்தது. இடிந்த சுவர்களை 1958-ல் அகற்றி, மறுவருஷம் புதுக் கோயில் எழுப்பியபோதும் ஒரு கோபுரம் மணியில்லாமலே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் சேர்த்து ஒரு மணியை வார்த்துக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டு 9-ந் தேதி காலை 11 மணி 2 நிமிஷத்துக்கு, எண்பது வருஷம் கழித்து, இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.